ஒட்டகத்தின் பாதமும் காரின் கம்பியும்

பழைய கார் ஒன்றை விற்பவர், அதன் உள்ளே ஓடும் மின்கம்பிகளின் நிலையை வாங்குபவரிடம் எவ்வளவு தூரம் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர்? அவர் வாய் திறவாவிடில், அக்கம்பிகளைத் தம் கையால் தொட்டுப் பார்த்த தொழிலாளி வாய் திறக்க வேண்டுமா? முதல் வினாவுக்கு விடை காண்பது எளிது. இரண்டாவதே சிந்தனைக்குரியது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தாருக்கு இவ்வினா புதிதன்று. 1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-இல் அசோக் லேலண்டு தொழிற்சாலையும், அதே ஆண்டு வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும் ஓசூரின் பெயரை நாடறியச் செய்தன. இயந்திரம் அறிந்த கைகள் பெருகின. எல்லைக்கு அப்பால் நாற்பது கிலோமீட்டர் தொலைவில் பெங்களூர். பழைய கார்களின் மீது மோகம் கொண்ட செல்வர்கள் அங்கே உண்டு. எனவே சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும், 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரும் ஜூஜூவாடி எல்லையைக் கடந்து பட்டறைக்கு வருவதும், மெருகேறித் திரும்புவதும் இங்குள்ளோர் கண்டு பழகிய காட்சிகள்.

காரின் மின்சாரம் பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டால்கூட உணர்வதில்லையே என்று பலர் எண்ணுகின்றனர். உடலுக்கு அது தீங்கற்றதாக இருக்கலாம், கம்பிக்கு அப்படியன்று. மேலுறை தேய்ந்த கம்பி ஒன்று காரின் இரும்புடலைத் தொட்டுவிட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு நொடியில் அதன் வழியே தள்ளிவிடும். செம்பு பழுக்கக் காய்ந்து சிவக்கும். அருகிலோ பெட்ரோல். இன்றைய காரில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஃபியூஸ் உண்டு. அக்காலத்துப் பிரிட்டிஷ் வார்ப்பில் வந்த கார்கள் பலவற்றில் இரண்டே ஃபியூஸ்கள். முகப்பு விளக்குகளுக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது. 1950-களின் நடுப்பகுதிக்கு முற்பட்ட கார்களில் கம்பியின் மேல் ரப்பரும், அதன் மேல் பருத்தி நூற் பின்னலும் இருக்கும். ரப்பர் காய்ந்து வெடித்து உதிர்ந்த பின்னும் நூற் பின்னல் கலையாமல் நிற்பதால், பார்ப்பவருக்குக் கம்பி நன்றாயிருப்பதாகவே தோன்றும். பின்னர் வந்த பிளாஸ்டிக் உறையும் இயந்திரச் சூட்டில் நாளடைவில் விறைத்துப் போகிறது. எலி கடித்த இடங்களைச் சொல்லத் தேவையில்லை.

துருவேறிய இணைப்பும் அமைதியாகவே கெடுக்கும். ஓர் இணைப்பில் 0.2 ஓம் தடை சேர்ந்து, அதன் வழியே 5 ஆம்பியர் பாய்ந்தால், அவ்விடத்தில் ஒரு வோல்ட் வீணாகிறது. ஐந்து வாட் வெப்பம் இடைவிடாது பிறக்கிறது. விளக்கு சற்று மங்கலாய் எரியும். அவ்வளவே வெளியில் தெரியும்.

ஓசூரில் நானறிந்த பட்டறை ஒன்றுக்கு ஓர் அம்பாசடர் வந்தது. டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் முடிந்து கண்ணாடி போல் பளபளத்தது. டாஷ்போர்டைக் கழற்றிய எலக்ட்ரீஷியன், உரிமையாளரை அழைத்துக் காட்டினார். விரல் பட்ட இடமெல்லாம் உறை பொடிந்தது.

"ஒயரிங் கிட் முழுக்க மாத்தணும் சார்."

"விக்கப் போற வண்டி பாய். மேலே டேப் சுத்தி விடுங்க, போதும்."

அவர் சுற்ற மறுத்தார். வண்டி வேறொரு பட்டறைக்குப் போயிற்று. மறுத்ததோடு அவருடைய கடமை நிறைவுற்றதா என்பதே இங்கு எழும் வினா.

விற்பவரைப் பற்றி ஐயமில்லை. மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கக் கண்டு வணிகரைக் கண்டித்த வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். டேப் சுற்றிய கம்பியும் நனைந்த தானியமும் ஒரே இனம். 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்' என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்போர் உண்டு. ஹனஃபி மத்ஹபில் அந்நிபந்தனைக்கு இடமுண்டு. ஷாஃபிஈ மத்ஹபிலோ, கால்நடையின் உள்ளே இருக்கும், விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே அது செல்லும். ஆயினும் அறிந்தே மறைப்பது பாவம் என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டவர்களே. நாட்டுச் சட்டம் இவ்வளவு தூரம் வருவதில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பேச வேண்டிய கடமை உள்ள இடங்கள் நீங்கலாக, வெறும் மௌனத்தை மோசடியாகக் கொள்வதில்லை.

ஆனால் எலக்ட்ரீஷியன் விற்பவரல்லர். இலாபத்தில் பங்குடையவரும் அல்லர். இங்கேதான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துரைக்கும் ஒரு நிகழ்ச்சி வழி காட்டுகிறது. ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். அருகில் நின்ற வாஸிலா (ரலி) அவர்கள் கவனிப்பதற்குள் வாங்கியவர் அதை ஓட்டிச் சென்றுவிட்டார். வாஸிலா பின்னாலேயே ஓடிச் சென்று கூவி அழைத்து, இறைச்சிக்காகவா வாங்கினீர், ஏறிச் செல்லவா என்று வினவினார்கள். ஏறிச் செல்லத்தான் என்றார் அவர். அதன் பாதத்தில் துளை இருப்பதைத் தாம் கண்டதாகவும், நெடும்பயணத்தை அது தாங்காதென்றும் வாஸிலா எடுத்துரைத்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விலையில் நூறு திர்ஹம் குறைந்தது. விற்றவருக்கு மனத்தாங்கல்.

இந்நிகழ்ச்சியில் என்னை நிறுத்திய இடம், வாஸிலா முதலில் கேட்ட கேள்வி. இறைச்சிக்கெனில் பாதத்துத் துளை ஒரு குறையே அன்று. பழைய காருக்கும் இதே கேள்வி பொருந்துகிறது: காட்சிக்கு நிறுத்தவா, ஓட்டவா? 2021-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகள், முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வாகனத்தை 'வின்டேஜ்' எனப் பதிவு செய்ய இடமளிக்கின்றன. அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ அதைச் சாலையில் ஓட்டலாகாது. சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாதென அவ்விதிகள் குறிக்கின்றன. மின்கம்பி அப்பட்டியலில் இல்லை. ஆகவே, கம்பியை மாற்றினால் காரின் பழமை போய்விடும் என்று சாக்குச் சொல்வதற்கு அவ்விதியிலும் ஆதாரமில்லை. புதிய பிளாஸ்டிக் உறையின் மேல் பழைய பாணியில் நூல் பின்னிய கம்பிகளும் இன்று கிடைக்கின்றன. மேலே பழமை, உள்ளே புதுமை. இதுவும் ஏமாற்றல்லவா என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். மூலக்கம்பி என்று சொல்லி விற்றால் ஏமாற்றுதான். மாற்றியதைச் சொல்லி விற்றால் அழகுக்குச் செய்த வேலை. இரண்டுக்கும் கம்பி ஒன்றே.

பிறர் குறையை வெளியிடுவது புறமாகாதா என்ற தயக்கமும் எழும். பட்டறையில் அறிந்தது அமானிதம் போன்றதல்லவா? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைக் குறிக்கையில், தீங்கு குறித்து எச்சரிப்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தார்கள். குறையுள்ள பொருளை ஒருவர் அறியாது வாங்கக் கண்டால், அறிந்தவர் சொல்லியாக வேண்டும். குறையை மட்டும் சொல்ல வேண்டும். விற்பவரின் குணத்தை ஆராயும் உரிமை அதனால் வந்துவிடுவதில்லை. வாங்குபவர் எச்சமயத்தவர், எம்மொழியினர் என்று பிரிப்பதற்கும் இதில் இடமில்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்து ஒலிக்கும் எல்லைப் பட்டறையில் அவர் யாராகவும் இருக்கலாம்.

அந்த எலக்ட்ரீஷியனுக்கு வாங்குபவர் யாரென்றே தெரியாது. ஓடிச் சென்று கூவ வழியில்லை. அறியாத ஒருவரைத் தேடிப் பிடிக்கும்படி அவரைப் பணிக்க இயலாது. ஆனால் ஓசூர் சிறிய ஊர்தான். வாங்கியவர் அதே காரை ஹாரன் அடிக்கவில்லை என்று ஒருநாள் அதே பட்டறைக்கு ஓட்டி வரக்கூடும். அன்று இவர் ஹாரனை மட்டும் சரிசெய்து கூலி வாங்கிக்கொண்டு அனுப்புவாரா, டாஷ்போர்டை மறுபடியும் கழற்றிக் காட்டுவாரா? காட்டினால் விற்றவரின் பகை நிச்சயம்; அவருடைய மற்ற வண்டிகள் இனி வாரா. வாஸிலா (ரலி) அவர்களிடம் அந்த ஒட்டகக்காரரும் தம் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டதாகவே குறைப்பட்டுக்கொண்டார்.