படமும் சாட்சியும்

அல்பேர்ட்டாவின் ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் அதபாஸ்கா பனியாற்றைக் காணச் செல்லும் நாம், நாட்காட்டிப் படத்து நீலப் பனியை எதிர்பார்க்கிறோம். காண்பதோ தூசி படிந்த பனியும், அது பின்வாங்கிய இடத்துக் கற்குவியலும். வீடு திரும்பியதும் கணினியில் படத்தைத் திருத்துகிறோம். இது தவறா?

கமராவின் ஒளிமானி வெண்பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடும். அந்த வெண்மையை மீட்பது கண் கண்டதை மீட்பதே. கற்களை அழித்து நீலம் பூசுவதோ பொய்ச்சாட்சி.

1915இல் நில அளவையாளர் பிரிட்ஜ்லண்ட் இம்மலைகளைப் படமெடுத்தார். பின்வந்த ஆய்வாளர்கள் அதே இடங்களில் நின்று மீண்டும் படமெடுத்து, நிகழ்ந்த மாற்றங்களை அறிந்தனர். அவர் படங்களுக்கு அழகு சேர்த்திருந்தால் அது இயலுமா?

நம் படங்களைப் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். இருந்ததை இருந்தபடி அவர்களிடம் ஒப்படைப்பது நம் கடமை.