பிள்ளைக்கென்று தனி உலை வேண்டாம்

“வயிற்றில் பிள்ளை இருந்தபோது இனிப்பு நீர் வந்தது, பெற்றதும் போய்விட்டது.” மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, சிலியாவ் பக்கத் தோட்டங்களில் இதை ஆறுதலாகச் சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலான தாய்மாருக்குப் பிரசவத்தோடு சர்க்கரை இறங்கிவிடுவது உண்மைதான். பிள்ளையைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் பிள்ளையின் சின்னக் கணையமே கூடுதலாகச் சுரக்கிறது. மிஞ்சிய சர்க்கரை கொழுப்பாகப் படிகிறது. பல நாடுகளில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஹாப்போ ஆய்வு, அவர்களின் பிள்ளைகளை 10 முதல் 14 வயதுக்குள் மறுபடி பரிசோதித்தது. கர்ப்பத்தில் சர்க்கரை கூடியிருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் உடல் கொழுப்பு கூடியிருந்தது. சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது.

நெகிரி செம்பிலானிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தார் 2013 முதல் செரம்பான் மாவட்டத் தாய் சேய் நல கிளினிக்குகளில் கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்தார்கள். நாடு முழுவதும் பார்த்தால், 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலேசிய இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு.

இதற்காகத் தாயைக் குற்றவாளியாக்குவது அறமாகாது. விடியுமுன் எழுந்து மேடு பள்ளம் ஏறி ரப்பர்ப் பால் வெட்டியவர்களுக்குச் சீனி போட்ட கோப்பியும் நிறையச் சோறும் வேலைக்கான தெம்பு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பலர் செரம்பான் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். வேலை மாறியது, தட்டு மாறவில்லை. டின் பாலும் பாக்கெட் பானமும் புதிதாக வந்து சேர்ந்துகொண்டன.

பிறப்பு விதித்ததை வாழ்வு ஓரளவு திருத்தும். பிரிட்டனில் சீனியை அளந்து மட்டுமே கொடுத்த பங்கீடு 1953-இல் முடிந்தது. கருவிலும் முதல் இரண்டாண்டிலும் அந்தப் பங்கீட்டுக்குள் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்ததை 2024-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. இரண்டு வயது வரை சீனி சேர்க்காத உணவு. அதன்பின் சுகாதார அமைச்சு மலாயில் சொல்லும் ‘சுக்கு-சுக்கு-செபாரோ’ (கால்-கால்-பாதி): தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ, பாதி காய்கறியும் பழமும். கெம்போங் மீனும் முருங்கைக்கீரையும் ஏழை வீட்டுக்கும் எட்டாதவை அல்ல. தாகத்துக்குத் தண்ணீர், தினம் ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாட்டு. தாயும் பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பிள்ளையை மட்டும் தனியே உட்காரவைத்து, “உனக்கு ஆகாது” என்று தட்டைப் பறிப்பது கொடுமை. குண்டு என்று கேலி செய்வது அதைவிடக் கொடுமை. எல்லாரும் ஒரே உலையில் உண்ணும் வீட்டில் கட்டுப்பாடும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கர்ப்ப மாதங்களில் விரல் நுனியைக் குத்திக் குத்திப் பார்த்து நாக்கைக் கட்டியவள் தாய் ஒருத்திதான். இனி அது அப்பாவுக்கும் பாட்டிக்கும் உரிய கடமை. சீனிப் போத்தலை முதலில் தள்ளிவைக்க வேண்டியவர்கள் அவர்கள்.