சந்தேகத்தின் பலன் யாருக்கு?

நெடுந்தீவிலிருந்து ஒருவர் மேன்முறையீடு செய்யப் புறப்படுவாராயின், முதலில் அவர் கடலைக் கடக்க வேண்டும். குறிகட்டுவான் வரை படகு. பின் புங்குடுதீவு, வேலணை, பண்ணை வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து. கந்தோரில் உரிய உத்தியோகத்தர் அன்று விடுமுறையெனில் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கடைசிப் படகும் போய்விட்டால் உறவினர் வீட்டு விறாந்தையே தஞ்சம்.

அவ்வாறு அலைந்த ஒருவர் சில மாதங்களுக்கு முன் எமது அறைவீட்டுக்கு வந்தார். போர்க்காலத்தில் ஷெல் விழுந்து ஒரு காதின் கேள்வியை இழந்தவர். இடது கையைத் தோளுக்கு மேல் உயர்த்த இயலாதவர். “கால் போயிருந்தால் எல்லாருக்கும் தெரியும் சுவாமி. என்ர காயம் கண்ணுக்குத் தெரியாது” என்றார். அவர் நட்டஈடு கேட்டிருந்தார். காயம் பட்ட நாளில் சிகிச்சை பெற்றமைக்கான வைத்தியசாலைத் துண்டு இல்லையென்று மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்தார். அதே கோவையை மறுபடி விரித்து, அதே குறையைக் கண்டு, அதே பதிலை அனுப்பினார்கள். துண்டு எங்கே? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அது தமக்கையார் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்தது. திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை.

காயத்தை உண்டாக்கிய போரே காயத்தின் சாட்சியத்தையும் அழித்துவிட்டது. மேசைக்கு இப்பால் நிற்பவர் தம் சொல்லைத் தவிர வேறொன்றும் காட்ட இயலாதவர். அப்பால் இருப்பவரோ உண்மை அறியாதவர். இந்த அறியாமையின் பாரத்தை யார் சுமப்பது?

இக்கேள்வியை உலகில் மிகவும் நுணுகி ஆராய்ந்தவை, போரில் அங்கவீனமுற்ற படைவீரரின் ஓய்வூதிய வழக்குகளே. படைவீரரைப் பற்றி எமக்கென்ன என்று தீவக வாசகர் முகம் சுளிக்கலாம். அந்தச் சுளிப்பின் காரணம் எமக்குத் தெரியாததல்ல. ஆயினும் நீதியின் பாடத்தை எங்கு கிடைப்பினும் கற்கலாமன்றோ?

இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரித்தானியாவில், தன் நோய்க்குப் படைச்சேவையே காரணமென்று நிரூபிக்கும் பொறுப்பு நோயாளியின் தலையிலேயே இருந்தது. 1943இல் அது புரட்டப்பட்டது. சேவை காரணமன்று என்பதை இனி அமைச்சே காட்ட வேண்டும். நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் படைவீரனுக்கே. மறுக்கப்பட்டோர் முறையிடத் தனி நியாயசபைகளும் அமைந்தன. 1947இல் நீதிபதி டெனிங் முன் வந்த மில்லர் வழக்கு எமது சட்ட மாணவரும் மனனம் செய்வது. கொலை வழக்குகளில் ‘நியாயமான சந்தேகம்’ யாதென விளக்க அதை எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அது கொலை வழக்கே அல்ல. புற்றுநோயால் இறந்த ஓர் அதிகாரியின் விதவை ஓய்வூதியம் கேட்ட வழக்கு. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்து விதவை நீதிபதியைச் சலிப்படையச் செய்து வென்றாள். இந்த விதவையோ தோற்றாள். வெறும் தூரத்துச் சாத்தியம் நியாயமான சந்தேகமாகாது என்றார் டெனிங். ஆக, சந்தேகத்தின் பலனைக் கொடுப்பது என்பது கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுப்பதன்று.

அமெரிக்கச் சட்டமோ, சாட்சியம் இருபக்கமும் ஏறத்தாழச் சமமாயின் கேட்பவருக்கே தீர்ப்பு என்கிறது. அங்கு 1973 ஜூலை 12இல் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகிலிருந்த படைவீரர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, 160 முதல் 180 இலட்சம் வரையான கோவைகள் அழிந்தன. நம்மவரின் தகரப் பெட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். ஏடு எரிந்ததாலேயே வழக்கு வென்றதாகிவிடாது என்று கூறிய நீதிமன்றங்கள், அரசின் கையில் ஏடு அழிந்திருந்தால், மறுப்பதற்கான காரணத்தை விளக்கும் கடமையும் சந்தேகத்தின் பலனைக் கவனமாக எண்ணும் கடமையும் அரசுக்கு அதிகமாகின்றன என்றும் கூறின. 2017இல் நிறைவேறி 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, மறுக்கப்பட்டவர் புதிய சாட்சியத்தோடு மீண்டும் கேட்கலாம். அதே கோவையை மூத்த அதிகாரி ஒருவர் புதிதாகப் பார்க்கும்படி கேட்கலாம். அல்லது மேன்முறையீட்டுச் சபைக்கே போகலாம். இந்தியாவிலும் 2013இல் உச்ச நீதிமன்றம், சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னர் ஒருவனை முடமாக்கினால், அது சேவையால் வந்ததென்றே கொள்ள வேண்டும், அல்லவென்று நிரூபிப்பது அரசின் வேலை என்று தீர்த்தது.

இது இளகிய மனத்தின் சலுகையா, நீதியா? குருமடத்தில் நாம் படித்த புனித அக்குவினா தோமையாரின் இறையியல் தொகுப்பில் இதற்கு ஒரு வழி உண்டு. பொருளைப் பற்றித் தீர்ப்பிடுவது வேறு, ஆளைப் பற்றித் தீர்ப்பிடுவது வேறு என்கிறார் அவர். பொருளை உள்ளபடி அறிய முயல வேண்டும். ஆளைப் பற்றிய ஐயத்தையோ நல்ல பக்கமாகவே கொள்ள வேண்டும். தீயவனைப் பலமுறை நல்லவனென்று எண்ணி ஏமாறுவது, நல்லவனை ஒருமுறை தீயவனென்று எண்ணுவதிலும் மேல். ஏனெனில் பின்னையதில் ஒருவனுக்கு அநீதி நேர்கிறது. தோள் எவ்வளவு உயரும் என்பது பொருள் பற்றிய கேள்வி, வைத்தியர் அளக்கட்டும். ஆனால் “துண்டு இல்லை, ஆகவே இல்லை” என்னும்போது, தாம் அறியாமலே உத்தியோகத்தர் ஆளைத் தீர்ப்பிடுகிறார்: நீ பொய்யன்.

கள்ளக் கோரிக்கைகள் உண்டு. பொதுப்பணமும் ஏழையின் பணமே. பொய்யன் பெறும் ஒவ்வொரு ரூபாயும் மெய்யனுக்குக் குறைகிறது. இதை நாம் மறுக்கவில்லை. அதற்காகத்தான் விசாரணை. கடல் கடந்து வர முடியாதவரிடம் கந்தோர் போய்ப் பார்ப்பதும், அயலவர் வாக்குமூலத்தை எடுப்பதும், பழைய பதிவேட்டைத் தாமே தேடுவதும் விசாரணையில் அடங்கும். கோவையை மூடுவது விசாரணையன்று.

கந்தோர்களை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்கொள்ளலாகாது. 2023இல் அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியபோது, பெயர் விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம், பெயர் வந்தவருக்கு எதிராகப் பிறர் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்று இரு வழி இருந்தது. பூசை முடிந்து வாசலில் நின்று, “அவருக்குக் கனடாக் காசு வருகுதாம்” என்று பேசியோரை நாம் கேட்டிருக்கிறோம். ‘வருகுதாம்’ என்ற சொல்லின் பின்னுள்ள சாட்சியம் எத்தனை? மாறாக, உறுதிக் கடிதம் கேட்டு வருபவர்களுக்கு விசாரியாமல் ஒப்பமிட்ட குற்றம் எம்முடையது. இரக்கம் என்று நினைத்தோம். ஆனால் அத்தகைய கடிதங்களால்தான் குருவின் கடிதத்துக்கே மதிப்பில்லாமல் போகிறது.

எனவே இம்முறை அவசரப்படவில்லை. ஷெல் விழுந்த நாளில் அவரைத் தூக்கிச் சென்ற இருவரைத் தேடிக் கண்டோம். ஒருவர் இப்போது ஊர்காவற்றுறையில் இருக்கிறார். இருவரையும் தனித்தனியே விசாரித்தோம். ஒருவர் வலது தோள் என்றார், மற்றவர் இடது என்றார், மற்றவை ஒத்திருந்தன. அந்த முரண்பாட்டையும் மறைக்காமல் கடிதத்தில் எழுதினோம். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கடல் நீர் படாதபடி இரட்டைப் பொலித்தீன் பையிற் சுற்றி, சென்ற செவ்வாய்க்கிழமை காலைப் படகில் அவர் கொண்டு போனார். பதில் இன்னும் வரவில்லை.