பின்னால் வந்தது, அதனால் வந்ததா?

கார் என்பது ஒரு காலத்தில் ஊரில் ஓரிரு செல்வந்தர் வீட்டு வாசலில் மட்டும் நின்ற பொருள். இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் ரொக்கத்துக்கோ கடனுக்கோ ஒரு வண்டி வந்துவிட்டது. (அந்தக் கடனைப் பற்றிய மஸ்அலா வேறு. அதை இங்கே இழுக்க வேண்டாம்.) வண்டியோடு சேர்ந்து வீட்டில் ஒரு புதிய வழக்காடலும் வந்திருக்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதும், அல்லது ஓராண்டு நிறைந்ததும், விற்ற கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் காலையில் வண்டியை விடுகிறோம். மாலையில் கழுவித் துடைத்துப் பளபளவென்று தருகிறார்கள். இரண்டு நாள் கழிகிறது. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு தெரிகிறது. அல்லது என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. அல்லது பிரேக்கை மிதித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது. உடனே வீட்டில் எல்லோருடைய வாயிலும் ஒரே வார்த்தைதான்: "சர்வீசுக்கு விடுறதுக்கு முன்னாடி நல்லாத்தானே ஓடிச்சு!"

சாதாரணப் பேச்சாகத் தோன்றும் இந்த வார்த்தையில் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்ன நாளுக்குப் பிறகு கோளாறு தெரிந்தது என்பது ஒன்று. அது கண்ணால் கண்டது. இன்னாருடைய கை பட்டதால் அது உண்டாயிற்று என்பது மற்றொன்று. அது நாமாகச் சேர்த்துக்கொண்டது. முன்னது சாட்சியம், பின்னது ஊகம். ஊகங்களில் பலவற்றை விட்டு விலகிக்கொள்ளும்படியும், அவற்றுள் சில பாவமாகிவிடும் என்றும் திருக்குர்ஆன் (49:12) எச்சரிப்பதை நாம் அறிவோம். ஆனால் அநீதி இழைக்கப்பட்டவன் வாய் திறந்து முறையிடுவதற்கு அதே திருக்குர்ஆன் (4:148) இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே காசைக் கொடுத்து ஏமாந்துவிட்டு, "போனால் போகட்டும், ஸப்ரு செய்வோம்" என்று வாயை மூடிக்கொள்வதுதான் தக்வா என்று எண்ண வேண்டியதில்லை. நமக்குக் கிடைத்தது அநீதியா, அல்லது தற்செயலா என்பதை அறிவது எப்படி? சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் தொழிலின் உண்மையைப் பார்ப்போம். சர்வீசினாலேயே கோளாறு வருவது மெய்யாகவே உண்டு. என்ஜின் ஆயிலை வடிக்கும் போல்ட்டுக்கு ஒரு சிறு வாஷர் போடுவார்கள். இறுக்கும்போது நசுங்கி அடைத்துக்கொள்வதே அதன் வேலை. ஒரு முறை நசுங்கியதையே மறுபடியும் போட்டால் சொட்டலாம். ஆயில் பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில வேளை என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதைக் கவனியாமல் புதியதை மேலே ஏற்றினால் இரண்டு வளையமாகி, ஆயில் அழுத்தத்தில் பிதுங்கிக்கொண்டு வரும். ஏர் பில்டர் பெட்டியிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயின் கிளிப் சரியாக விழவில்லை என்றால், அளவு பார்க்கப்படாத காற்று உள்ளே புகுந்து, வண்டி நின்றபடி ஓடும்போது தடுமாறும், மஞ்சள் விளக்கும் வரும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி பார்க்கச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. அதை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

இதற்கு நேர்மாறானவையும் உண்டு. நான்கு வருடம் உழைத்த பாட்டரி சர்வீசுக்கு மறுநாள் படுத்துவிட்டால், அது என்றைக்கோ படுக்க இருந்ததுதான். புதிய பிரேக் பேட் கொஞ்ச தூரம் ஓடித் தேய்ந்து பொருந்தும்வரை சத்தம் போடக்கூடும். கழுவிய வண்டியின் பிரேக் தகட்டில் ஒரே இரவில் மெல்லிய துரு படர்ந்து, நாலு தடவை மிதித்ததும் போய்விடும். இன்னொன்று வேடிக்கையானது. வண்டியின் அடியில் எங்கோ பல மாதமாக ஆயில் கசிந்துகொண்டிருக்கும். புழுதியும் சேறும் அதன்மேல் அப்பி, சொட்டாமல் தாங்கிக்கொண்டிருக்கும். சர்வீசில் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதும் அந்த அழுக்கு போய்விடுகிறது, சொட்டு தரைக்கு வருகிறது. கழுவியவன் கோளாறை உண்டாக்கவில்லை, வெளியே காட்டிக் கொடுத்தான். ஏச்சு மட்டும் அவனுக்கு.

புதிதாகத் தெரியவந்த ஒரு காரியத்தை அதற்கு மிக நெருங்கிய நேரத்தோடு சேர்க்க வேண்டும் என்பது சட்ட அறிஞர்கள் வகுத்த விதிகளுள் ஒன்று. உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத்தில் இது பதினோராவது விதியாக இடம்பெற்றது. இதைக் கேட்டதும் வண்டிக்காரர்களுக்கு மகிழ்ச்சி உண்டாகும். "பார்த்தீர்களா, சர்வீஸ்தானே மிக நெருங்கிய நேரம்!" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். சொட்டைக் கண்டது உங்கள் வீட்டு வாசலில், வண்டி உங்கள் கையில் இருந்தபோது. மிக நெருங்கிய நேரம் என்பது அதுதான். வாங்கிய பொருளில் குறை கண்டு, அது விற்றவர் கையில் வந்ததா வாங்கியவர் கையில் வந்ததா என்ற வழக்கு எழுந்தால், வேறு ஆதாரம் இல்லாதபோது இந்த விதி வாங்கியவருக்கு எதிராகவே நிற்கும். அதற்கு முந்திய நேரத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரம் எப்படி இருக்கும்? ஹனபி மத்ஹபின் நூல்களில் தண்ணீரின் பாடத்தை ஓதியவர்களுக்குக் கிணற்று எலியின் மஸ்அலா நினைவிருக்கும். கிணற்றில் செத்த எலி ஒன்று மிதக்கிறது. எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தண்ணீரில் உளூச் செய்து தொழுத தொழுகைகள் என்னாவது? எலி ஊதியிருக்கவில்லை என்றால் ஒரு பகல் ஓர் இரவின் தொழுகைகளையும், ஊதியிருந்தால் மூன்று பகல் மூன்று இரவின் தொழுகைகளையும் மீட்ட வேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவருமோ, விழுந்த நேரம் உறுதியாகத் தெரியாதவரை எதையும் மீட்ட வேண்டியதில்லை என்றார்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தது உறுதி, அந்த உறுதி சந்தேகத்தால் நீங்காது என்பது அவர்களுடைய நோக்கு. ஆசிரியரோ எலியின் உடம்பையே சாட்சிக்கு அழைத்தார்கள். ஊதிய உடம்பு தன் வயதைத் தானே சொல்கிறதல்லவா!

ஆயில் கசிவும் அப்படியே தன் வயதைச் சொல்லும். கசிந்த இடத்தில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கெட்டியாகக் கருத்திருந்தால் அது பழைய கதை. சுற்றிலும் காய்ந்து சுத்தமாயிருக்க, போல்ட்டின் ஓரத்தில் மட்டும் தேன் நிறத்தில் புது ஆயில் பளபளத்தால் அது நேற்றையது. அடிப்பாகம் கழுவப்பட்டிருந்தால் இந்த அடையாளம் பாதி அழிந்திருக்கும். ஆனாலும் இடுக்குகளில் மிச்சம் இருக்கும், எந்த இடத்திலிருந்து கசிகிறது என்பதும் தெரியும். சர்வீசில் கை வைக்காத பாகத்திலிருந்து கசிந்தால், கை வைத்தவரைக் குற்றம் சொல்வது எப்படிப் பொருந்தும்? ஜாப் கார்டில் அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கிறது. நம்மில் பலர் அதைப் படிப்பதில்லை, பில்லின் அடியில் உள்ள தொகையை மட்டும் பார்க்கிறோம்.

இனி, தவறு அவர்களுடையதுதான் என்று தெளிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, கைத்தவறு. ஈடு கொடுக்க வேண்டுமா? காருக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தக் கேள்வி துணி வெளுப்பவரையும் சாயம் போடுபவரையும் பற்றி எழுந்துவிட்டது. ஹளரத் அலி (ரலி) அவர்கள் துணி வெளுப்பவர், சாயம் போடுபவர் ஆகியோரை ஈட்டுக்குப் பொறுப்பாளியாக்கினார்கள் என்றும், இவ்வாறு செய்யாவிட்டால் மக்களுடைய காரியம் சீர்படாது என்று கருதினார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் இதை எடுத்துக் கூறிவிட்டு, ஹதீஸ் கலையினர் உறுதிப்படுத்தும் தரத்தில் இது இல்லை என்றும் சொல்லிவிடுகிறார்கள். ஹனபி மத்ஹபில், பலருக்கும் பொதுவாக வேலை செய்பவருடைய செயலாலேயே பொருள் கெட்டால், அவர் கருதிச் செய்யாவிட்டாலும் ஈடு உண்டு. அடித்துத் துவைக்கும்போது துணி கிழிந்தால் வெளுப்பவர் பொறுப்பு.

இமாம் ஷாபிஈ அவர்களுடைய நிலை சிந்தனைக்குரியது. அலட்சியமோ அத்துமீறலோ இல்லாத வேலையாள்மீது ஈடு இல்லை என்பதே அவர்களுடைய உள்ளக் கருத்து. ஆயினும் கெட்ட தொழிலாளர்களுக்கு அஞ்சி அதை வெளிப்படையாகச் சொல்லாமல் இருந்தார்கள் என்று அவர்களுடைய மாணவர் ரபீஉ (ரஹ்) அறிவிக்கிறார்கள். எவ்வளவு தூரம் எடைபோட்டிருக்கிறார்கள் பாருங்கள்! ஒரு பக்கம் நேர்மையான தொழிலாளி. அவன்மீது பாரம் சுமத்தக்கூடாது. மறுபக்கம் அந்தச் சலுகையைச் சாக்காக வைத்து ஊரார் பொருளைக் கெடுக்கக்கூடியவன். இன்றைய சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்கும்போது நமக்கும் இந்த இரண்டு பேரும் கண்முன் வர வேண்டும்.

ஏனென்றால் அங்கே நாம் யாரோடு சண்டை போடுகிறோம்? கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, சிரித்து வரவேற்று, வண்டியை வாங்கிக்கொண்ட சர்வீஸ் அட்வைசரோடு. அவர் போல்ட்டைத் தொட்டவர் இல்லை. தொட்டவனோ உள்ளே ராம்ப்புக்கு அடியில் இருக்கிறான், அவனை நாம் பார்த்ததே இல்லை. ஒரே நாளில் இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்தவர் இன்னும் மேலே குளிர் அறையில் இருக்கிறார். நம்முடைய கூச்சல் மேலேயிருந்து கீழே இறங்கி, கடைசியில் அந்தப் பையன் தலையில் விழுந்து, சில இடங்களில் அவன் சம்பளத்தில் பிடித்தமாகவும் ஆகிவிடுகிறது. மார்க்கச் சட்டம் இங்கே தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. ஊரார் பொருளை வாங்கி வேலை செய்து கொடுக்கும் கடை பொதுவான வேலையாள். கடைக்காரரிடம் மாதச் சம்பளத்துக்கு இருப்பவன் அவருடைய தனி வேலையாள். அவன் கையில் பொருள் அமானத். வரம்பு மீறாமல் அவன் கையால் பொருள் கெட்டால் பொறுப்பு எஜமானருக்கே என்று ஹனபி நூல்கள் கூறுகின்றன. ஆகவே ஈட்டைக் கடையிடம் கேளுங்கள். "அந்தப் பையனை வேலையை விட்டு அனுப்பினால்தான் விடுவேன்" என்று நிற்பது நம் உரிமையில் சேர்ந்ததல்ல. தவறை ஒப்புக்கொண்டால் பிழைப்பு போகும் என்றால், உடைந்த கிளிப்பை டேப் சுற்றி மறைத்து அனுப்பும் பழக்கம்தான் வளரும். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தது மறைத்ததற்காக. நனைத்தது மழைதான்.

வண்டிக்காரர் பக்கமும் சுத்தமாக இருப்பதில்லை. போன மாதம் மச்சான் ஓட்டிப்போய்த் தூணில் உரசியதை, "உங்களிடம் விட்டபோது இல்லை" என்று சர்வீஸ்காரர் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்த வேண்டும். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களில் என்ஜின் கெட்டுவிடும். கல்யாண வீட்டுக்கு நேரமாகிறது என்று இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, முழு என்ஜினுக்கும் ஈடு கேட்பவர், வாஷரின் குற்றத்தோடு தன் குற்றத்தையும் சேர்த்துக் கேட்கிறார்.

ஆகவே கோளாறு கண்டதும் வண்டியை நிறுத்தி, மீட்டர் எண்ணையும் விளக்கையும் சொட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு கடையில் கழற்ற விடாதீர்கள். கழற்றிவிட்டால் சாட்சி போயிற்று. பிறகு நேரே போய், "இதில் உங்கள் வேலை ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா, என் முன்னாலேயே தூக்கிப் பாருங்கள் தம்பி" என்று கேளுங்கள். உள்ளே நடந்தது அவர்களுக்குத்தான் தெரியும் என்பதால், விளக்கம் சொல்ல வேண்டிய கடமை அவர்களைச் சேர்ந்தது. சொல்ல மறுத்தால் எழுத்து மூலம் கேட்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். அதுவரை வாட்ஸ்அப் குழுக்களில் கடையின் பெயரைப் போட்டு, "திருட்டுப் பசங்க" என்று எழுதாமல் இருப்பது நல்லது. பழைய கசிவு என்று பின்னால் தெரிந்தால், அந்தச் செய்தி போன வீடுகளுக்கெல்லாம் போய்த் திரும்ப வாங்க முடியுமா?

பெரும்பாலும் வழக்கு இவ்வளவு தூரம் போவதில்லை. "எங்கள் தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் உங்களுக்காகப் பாதிச் செலவில் செய்து தருகிறோம்" என்பார்கள். எதிராளி மறுத்துக்கொண்டே செய்யும் இத்தகைய சமாதானம் ஹனபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் செல்லும். ஷாபிஈ மத்ஹபில் சமாதானம் என்ற பெயரில் செல்லாது. கடைக்காரர் மனமுவந்து தரும் அன்பளிப்பாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தூணில் உரசியதை மறைத்தவருக்கு, அந்தப் பாதிச் செலவு எந்த மத்ஹபிலும் ஹலாலாகாது.