எப்படிப் படுத்தால் வலிக்கிறது?

வயிற்று வலி என்றதும் எதிரில் இருப்பவர் கேட்பது ஒன்றுதான்: "என்ன சாப்பிட்டே?" கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை டீக்கடையிலும் அதே கேள்வி, கோயம்புத்தூர் மருத்துவமனையிலும் அதே கேள்வி. என் வலிக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருப்பதாகத் தெரியவில்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கொஞ்ச நேரம் ஆனால் விலாவுக்குக் கீழே ஓரிடத்தில் பிடிக்கும். புரண்டு படுத்தால் மெல்ல விட்டுவிடும். வருஷக்கணக்கில் இப்படித்தான். ஸ்கேன் நார்மல், எண்டோஸ்கோபி நார்மல், ரத்தமும் நார்மல். ஸ்கேன் எடுக்கிறவர்கள் பகலில், வெறும் வயிற்றோடு, மல்லாக்கப் படுக்கச் சொல்கிறார்கள். என் வலி நடுச்சாமத்தில் இடப்பக்கம் சாய்ந்தால் வருவது. அந்த மேஜைக்கு வந்து அது சாட்சி சொல்லுமா?

ஒன்றுமில்லை என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும், பட்டேன். கூடவே ஒரு கூச்சமும் வந்தது. இனி வலிக்கிறது என்று வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது? பெயரில்லாத வலிக்கு ஆபீஸில் லீவும் கிடைக்காது.

இதே கேரளத்தில் வயிற்று வலிக்குக் காரணம் தேடிய பெரிய கதை ஒன்று உண்டு. டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் என்பவரிடம் மெலிந்த, குடிப்பழக்கம் இல்லாத இளவயதுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சின்ன வயதிலேயே வயிற்று வலி, சில வருஷங்களில் சர்க்கரை, எக்ஸ்ரே எடுத்தால் கணையத்தில் கற்கள். அவர்களைப் பற்றி 1968இல் அவர் எழுதிய நூல் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே கிடக்கிறது. அது புண்பட்டவர்களால் பெரும்பாலும் மல்லாக்கப் படுக்க முடியாது. எழுந்து உட்கார்ந்து முன்னால் குனிவார்கள், அல்லது முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடப்பார்கள்.

ஆனால் காரணம் தேடியவர்களின் சந்தேகம் வெகுகாலம் சாப்பாட்டின்மேல்தான் இருந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றது கப்பை, நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கு. இரண்டாம் உலகப் போரின்போது அரிசி கிடைக்காத திருவிதாங்கூரில் ஏழைகளின் வயிற்றை நிரப்பியது அது. சரியாக வேகாத கிழங்கில் சயனைடு சேர்மங்கள் மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் கிழங்கே சாப்பிடாத ஊர்களிலும் நோய் இருந்தது. 2002இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள், இந்த நோயாளிகளில் பலருக்கு ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் காட்டினார்கள். அதுவும் முழு விடையல்ல. கிழங்கின் மேலிருந்த பழி பாதியாவது இறங்கியது.

சாப்பாட்டைப் போலவே, படுக்கும் விதத்தை மட்டும் வைத்தும் நோய் சொல்லிவிட முடியாது. அமிலம் மேலேறுகிறவர்களுக்கு இடப்பக்கம் படுத்தால் சுகம், எனக்கோ அதுதான் தொல்லை. 1926இல் கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதிவைத்த சோதனை ஒன்று இருக்கிறது. மல்லாக்கப் படுக்கவைத்து, வலிக்கும் இடத்தில் விரலால் அழுத்திக்கொண்டே, தலையையும் தோளையும் தூக்கச் சொல்ல வேண்டும். தசை இறுகும்போது வலி கூடினால் கோளாறு பெரும்பாலும் குடலில் இல்லை, வயிற்றுச் சுவரில். அங்கே நரம்பு ஒன்று தசையில் சிக்கியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை, மெஷினும் வேண்டாம். எனக்கு யாரும் செய்து பார்த்ததில்லை. நானே செய்து பார்த்தேன், கூடியது. அதை வைத்து எனக்கு நானே நோய்ப் பெயர் சூட்டிக்கொள்ளப் போவதில்லை, டாக்டரிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது, அவ்வளவுதான். (எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, புதிதாகச் சர்க்கரை வந்தாலோ இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். உடனே போய்விட வேண்டும்.)

மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அத்தைக்கும் இப்படியொரு வலி. குடலேத்தம் என்று எண்ணெய் போட்டு வயிற்றைத் தடவிப் பார்த்தாயிற்று, தேனி க.விலக்கு, கோட்டயம் என்று இரண்டு மெடிக்கல் காலேஜும் பார்த்தாயிற்று. எஸ்டேட் குடியிருப்பான லயத்தில் இருப்பது ஒரு அறையும் அடுப்படியும். வரிசையாகப் படுத்தால் நினைத்தபடி புரள முடியாது. ஒருவர் புரண்டால் பக்கத்தில் இருப்பவரும் புரள வேண்டும். வலிக்கிற பக்கமே இரவெல்லாம் கிடந்திருக்கிறார். பிறகு பேரனை நடுவே தள்ளிவிட்டுச் சுவரோரம் போய்விட்டார். மார்கழியில் மூணாற்றுச் சுவர் ஐஸ்கட்டிபோல் இருக்கும். ஆனாலும் அங்கே திரும்பிப் படுக்கலாம்.

"இதை டாக்டர்கிட்டச் சொன்னீங்களா அத்தை?" என்றேன்.

"படுக்கிற கதையெல்லாமா போய் ஆம்பளைங்க முன்னாடி சொல்லுவாங்க?"

என்னிடம் பதில் இல்லை. என்ன சாப்பிட்டோம் என்பதை ஊருக்கே சொல்லலாம், எப்படிப் படுத்தோம் என்பதைச் சொல்ல நமக்கு வாய் வராது. கேட்கிற டாக்டருக்கும் நேரமில்லை, நூறு பேர் வெளியே நிற்கிறார்கள்.

அடுத்த மாசம் அத்தை மறுபடி கோட்டயம் போகிறார். மகன்தான் எப்போதும் கூட நின்று மலையாளத்தில் பேசுவான். இந்தத் தடவை அவனை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தானே சொல்லப்போகிறாராம். ஐம்பது வருஷமாக எஸ்டேட்டில் இருக்கிறேன், இந்த அளவுக்கு மலையாளம் எனக்கு வராதா என்கிறார்.