ஆரோன் வேண்டும்

(விடுதலைப் பயணம் 4:10-16, மாற்கு 10:13-16)



பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த நேரத்தில்தான் சில வீடுகளில் ஒரு வயிற்றுவலி தொடங்கும். திங்கள்கிழமை காலையில் வரும், சனிக்கிழமை வராது. நான் முன்பு இருந்த பங்கில் ஒரு தாய் திருப்பலி முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தார். "மூணாங்கிளாஸ் படிக்கான் ஃபாதர். என்ன செய்யுதுன்னு கேட்டா வயிறு வலிக்குன்னுதான் சொல்லுதான். டாக்டர்ட்ட காட்டியாச்சு. ஒண்ணுமில்லைங்காரு" என்றார்.

பையனுக்குத் திக்குவாய். காலையில் பெயர் கூப்பிடும்போது அவன் "உள்ளேன் ஐயா" சொல்லத் தொடங்குவான். அதற்குள் பின்பெஞ்சு முழுவதும் "உ... உ... உ..." என்று இழுக்கும். வலி அங்கேதான் இருந்தது.

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தின் பின்னாலேயே வெட்கமும் வந்தது. இரண்டு வாரம் முன்பு மறைக்கல்வி வகுப்பில் அதே பையனை வாசிக்கச் சொன்னேன். ஒரு சொல்லில் அவன் நின்றுவிட்டான். அந்தச் சொல்லை நானே சொல்லி முடித்துவிட்டு, "சரி, அடுத்த ஆள் வாசி" என்றேன். நான் கேலி செய்யவில்லை. ஆனால், உன் பேச்சுக்குக் காத்திருக்க இங்கே யாருக்கும் நேரமில்லை என்று அவனுக்குச் சொல்லிவிட்டேன்.

இன்றைய நற்செய்தியில் சீடர்கள் செய்ததும் அதுதான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. போதகருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்தவர்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டினார்கள். இந்த நிகழ்ச்சியை மத்தேயுவும் லூக்காவும்கூட எழுதியிருக்கிறார்கள். ஆனால் இயேசு கோபம் கொண்டார் என்று எழுதியவர் மாற்கு மட்டுமே. அந்தக் கோபம் யார் மேல்? சத்தம் போட்ட பிள்ளைகள் மேல் இல்லை. வழியை மறித்த பெரியவர்கள் மேல்.

சங்கரன்கோவில் என்ற நம் ஊர்ப் பெயரே ஒரு சண்டையை நினைவூட்டும் பெயர். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று நாக அரசர்களான சங்கனும் பதுமனும் வாதாடிய கதையை இங்கே பிறந்த யாரும் அறிவார்கள். இருவரும் ஒரே உருவில் நிற்பதாகக் காட்டி அந்த வாதம் முடிந்தது என்பது நம் அண்டைவீட்டாரின் நம்பிக்கை. அந்தக் காட்சியைக் கொண்டாடும் ஆடித்தபசுக்கு ஊரே திரள்கிறது. நம் சீடர்களும் தங்களுக்குள் யார் பெரியவர் என்று வழிநெடுக வாதாடியவர்கள்தான். அவர்களுக்கு இயேசு ஒரு சிறுபிள்ளையை நடுவில் நிறுத்திக் காட்டினார். இத்தனையும் தெரிந்த ஊரின் பக்கத்தில்தான் பாஞ்சாகுளம் இருக்கிறது.

2022 செப்டம்பர் நினைவிருக்கிறதா? அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார்கள். பட்டியலினத்துப் பிள்ளைகள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனி உங்களுக்குக் கொடுக்க முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்தப் பிஞ்சுகளுக்குக் கட்டுப்பாடு என்ற சொல்லே விளங்கவில்லை. என்ன கட்டுப்பாடு என்று கேட்டார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. கடைக்கு சீல் வைத்தார்கள், வழக்குப் பதிந்து கைது செய்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றமும் உத்தரவிட்டது. சட்டம் தன் வேலையைச் செய்தது. அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஏனென்றால் அந்தக் கட்டுப்பாட்டை எழுதியவர்கள் பெரியவர்கள். வகுப்பில் நடக்கும் கேலியும் அப்படித்தான். கரிச்சட்டி, குண்டன், சோடாபுட்டி, திக்குவாயன்: இவற்றை எந்தப் பாடப்புத்தகத்தில் பிள்ளை படித்தது? பெண் பார்த்துவிட்டு வந்து நிறத்தைப் பற்றி நாம் பேசும்போது, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறது. யார் வீட்டில் தண்ணீர் குடித்தாய் என்று நாம் கேட்கும் தொனி அதன் காதில் விழுகிறது. மறுநாள் வகுப்பில் அதைச் சொல்வது பிள்ளையின் வாய். சொல் நம் வீட்டுச் சொல்.

சிறுபிள்ளைச் சண்டை என்று விட்டுவிடவும் முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று வாய் திறந்த பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள் உடன் படித்தவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்களும் ஒரு நாள் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள்தானே?

அப்படியானால் என்ன செய்வது? முதல் வாசகத்தைப் பாருங்கள். மோசேக்கும் நாக்கு எழவில்லை. என்னால் பேச முடியாது என்று கடவுளிடமே மறுத்தார். கடவுள் அவருடைய நாவை மாற்றவில்லை. சரியாகப் பேசக் கற்றுக்கொண்டு வா என்றும் சொல்லவில்லை. ஆரோனை அவருக்குத் துணையாகக் கொடுத்தார். ஆரோன் மூன்று வயது மூத்த அண்ணன். தம்பி கூப்பிடும் முன்பே அவரைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்! கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு நாம் தரவேண்டிய மருந்து இதுதான். அவனை மாற்றாதீர்கள், அவன் பக்கத்தில் ஆள் நிறுத்துங்கள்.

பெற்றோரே, முதல் ஆரோன் நீங்கள். பிள்ளை வாய் திறக்கும்போது தறி ஓடிக்கொண்டிருந்தால், ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். "நீயும் திருப்பிச் சொல்லுல" என்று அனுப்பாதீர்கள். "இதெல்லாம் ஒரு விஷயமா" என்றும் தள்ளாதீர்கள். திக்கும் பிள்ளையிடம் "மெதுவாச் சொல்லு" என்று திருத்தாதீர்கள், அவன் சொல்லை நீங்கள் முடிக்காதீர்கள். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பிறகு பள்ளிக்கூடம் போங்கள். சண்டைக்கு இல்லை, ஆசிரியரோடு உட்கார்ந்து பேச. பிள்ளைகளின் மனத்தைத் துன்புறுத்துவதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் தடை செய்கிறது. பள்ளிக்கல்வி உதவி எண் 14417-உம் குழந்தைகள் உதவி எண் 1098-உம் கூப்பிடுவதற்குத்தான் இருக்கின்றன.

உங்கள் பிள்ளை கேலி செய்கிறது என்று புகார் வந்தால், "எம்புள்ள அப்படிச் செய்யாது" என்று சொல்லாதீர்கள். அடிக்கவும் வேண்டாம். அந்தச் சொல்லை எங்கே கேட்டாய் என்று கேளுங்கள். பதிலில் உங்கள் பெயர் வரலாம். அதற்குத்தான் ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறது.

அண்ணன்மாரே, அக்காமாரே, பெரிய வகுப்புப் பிள்ளைகளே, நாளை திங்கள்கிழமை. ஒருவனைச் சுற்றி நின்று சிரிப்பார்கள். நீங்கள் பிரசங்கம் பண்ண வேண்டாம். அவன் பக்கத்தில் போய் நின்று, "வா, சாப்பிடப் போவோம்" என்று சொன்னால் போதும்.

இயேசு அந்தக் குழந்தைகளை வெறுமனே அனுமதிக்கவில்லை, அணைத்துக்கொண்டார். அவரிடம் எந்தப் பிள்ளைக்கும் கட்டுப்பாடு இல்லை. நம் கோவிலிலும் இருக்கக்கூடாது. அடுத்த ஞாயிறு முதல் மன்றாட்டுகளைப் பிள்ளைகளே வாசிப்பார்கள், விருப்பப்பட்ட பிள்ளைகள் எல்லாரும். யாருக்காவது ஒரு சொல் வர நேரமானால், பீடத்தில் நானும் காத்திருப்பேன், நீங்களும் காத்திருங்கள். ஆமென்.