கல்லோடு கள்ளியும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. வேதம் படித்த மாணவர்களுக்குச் சோறும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, மருந்தும் எங்கிருந்து வந்தன என்று தேடினால், அது வயலைக்காவூர் நிலத்தின் வருவாயில் போய் நிற்கும். பெருமாள் பெயரில் நடந்த தருமம் அத்தனையும் ஏதோ ஒரு வரப்புக்குள் விளைந்த நெல். அப்படியானால் கோயிலுக்கு விடப்பட்ட தேவதான நிலங்களின் எல்லையை யார், எப்படி வகுத்தார்கள் என்பது வெறும் வருவாய்த்துறை விவகாரமல்ல. அறத்தைப் பற்றிய கேள்வி.

பல்லவ, சோழச் செப்பேடுகள் இதற்கு விடை வைத்திருக்கின்றன. அரசாணை வந்ததும் சுற்றுவட்டாரப் பிரதிநிதிகளான நாட்டார் கூடிப் பிடியானையை நடக்கவிட்டு நிலத்தைச் சுற்றிவந்து, எல்லை நெடுகக் கல்லும் கள்ளியும் நட்டார்கள். சைவனான முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தபோதும் இதே முறைதான். கவனிக்க வேண்டியது, நட்டவர்கள் யார் என்பதை. கொடை பெற்றவர் தம் நிலத்துக்கு வேலி போட்டுக்கொள்ளவில்லை. சுற்றுப்புறத்தார் வந்து நட்டுக் கொடுத்தார்கள். உள்ளே இருப்பவர் உரிமை கொண்டாடுவதால் எல்லைக்கு நியாயம் வந்துவிடாது, வெளியே நிற்பவர் ஒப்புக்கொண்டால்தான் வரும் என்பதே இந்தச் சடங்கின் உட்பொருள் என்று எனக்குப் படுகிறது.

கல் போதாதா, கள்ளி எதற்கு? கல்லை ஓர் இரவில் பெயர்த்து நகர்த்திவிடலாம். ஆண்டுக்கணக்கில் அடர்ந்த கள்ளி வரிசையை ஊருக்குத் தெரியாமல் நகர்த்த முடியாது. ஒடித்து நட்டாலே வேர்பிடிக்கும். பாலுக்குப் பயந்து ஆடுமாடு வாய்வைக்காது. மனுஸ்மிருதி ஆல், அரசு, பனை முதலியவற்றை எல்லை மரங்களாகச் சொல்லிவிட்டு, கூடவே எலும்பு, உமி, சாம்பலையும் மறைவான எல்லை அடையாளமாக மண்ணுக்குள் புதைத்து வைக்கச் சொல்கிறது. மனிதர்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை!

உயிர்வேலி என்றாலே நல்லதா என்று கேட்கலாம். இல்லை. வேலிக்கென்று வந்த சீமைக் கருவேலத்தின் காயை ஆடுமாடு தின்று விதையைப் பரப்ப, ஏரிக்குள்ளும் ஆற்றுப்படுகையிலும் அது புகுந்துவிட்டது. செடியின் உயிரில் அறம் இல்லை. வரப்போரம் வைத்த புளியின் நிழலில் அடுத்த வயல் நெல் சோடைபோனால், மரம் வைத்த புண்ணியம் அங்கேயே கழிந்துபோகும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: அரசன் ஆணையிட்டான், நாட்டார் பணிந்தார்கள், இதில் ஒப்புதல் எங்கே? பல்லவர் செப்பேடுகளில் ‘குடிநீக்கி’ என்று வருகிறது. முன்பிருந்த குடிகளை அப்புறப்படுத்தியதையே அது சொல்கிறது என்று கொண்டால், கள்ளி நட்ட கைகளில் உழுதவரின் கை இல்லை. இதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை, மறுக்கவும் வேண்டியதில்லை. வெளியே நிற்பவரின் சம்மதமே அளவுகோல் என்றால், நாட்டாரோடு நிறுத்திக்கொண்ட அந்தக் கொடைகள் அதே அளவுகோலில் பாதிதான் தேறும்.